தம்பிக்கு புப்ரெனார்பின் தொடங்கிய கதை

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிக் கொடுத்த ஆக்சிகோடோன் என்ற அபின் வகை வலி மாத்திரையில் ஆரம்பித்து, அதே வகையில் இன்னும் பல மடங்கு வீரியமான, தெருவில் விற்கும் ஃபென்டனில் மாத்திரை வரை போய்விட்டான் என் தம்பி. நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம். இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சை தர இங்கே மாநிலம் முழுக்க 'ஹப் அண்ட் ஸ்போக்' என்று ஒரு ஏற்பாடு: சிக்கலான நிலையில் இருப்பவர்களுக்கு ஹப் என்ற பெரிய மையம் (மெத்தடோன் என்ற சிகிச்சை மருந்து அங்கேதான்), மற்றவர்களுக்கு ஸ்போக், அதாவது வழக்கமான டாக்டர் கிளினிக், அங்கேயே ஒரு நர்ஸும் கவுன்சிலரும். புப்ரெனார்பினும் இந்தப் பழக்கத்திலிருந்து மீளத் தரும் மருந்துதான். முன்பு அதை எழுத டாக்டர்களுக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது, 2022 கடைசியில் வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. எங்கள் குடும்ப டாக்டரே எழுதினார்.

கஷ்டமெல்லாம் முதல் டோஸில்தான். உடம்பில் ஃபென்டனில் இருக்கும்போதே போட்டால், இந்த மருந்து அதைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், விலகல் அவஸ்தை (போதை நின்றதும் உடம்பு படும் பாடு) மொத்தமும் ஒரேயடியாக வரும். அதனால் அவஸ்தை தானாக ஓரளவு முற்றும்வரை காத்திருக்க வேண்டும், ஃபென்டனில் உடல் கொழுப்பில் தங்குவதால் காத்திருப்பு இன்னும் நீளும். நர்ஸ் தந்த தாளில் நாடித்துடிப்பு, கண்மணி விரிவு, கொட்டாவி, மயிர்க்கூச்சம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கூட்டிப் பார்த்தால் அவஸ்தை போதுமான அளவு முற்றிவிட்டதா என்று தெரியும். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே "இப்ப எவ்ளோ வந்திருக்கு, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி. அப்புறம் நாக்கின் அடியில் ஃபிலிம், அதாவது மெல்லிய தாள் மாதிரி இருக்கும் புப்ரெனார்பின். கரையும்வரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், காத்திருப்பைத் தொடங்கும் முன் மருந்து கையில் இருக்கிறதா பாருங்கள். நாங்கள் முதலில் போன மருந்துக்கடையில் ஸ்டாக் இல்லை, எப்போது வரும் என்றும் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் "ஒரு போதைக்கு பதிலா இன்னொண்ணா, எங்கயாவது சேர்த்து எல்லாத்தையும் நிறுத்திடலாமே" என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. மருந்தில்லாமல் வெறுமனே நிறுத்தினால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பிறகு ஒரு நாள் சறுக்கிப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

போதை அளவு மீறி மூச்சு அடங்கினால் மூக்கில் அடிக்கும் மாற்று மருந்தான நலாக்சோன் ஸ்ப்ரே வீட்டில் எப்போதும் உண்டு, 2023 முதல் சீட்டு இல்லாமலே வாங்கலாம். அதை அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று சும்மா இருக்கக் கூடாது, அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தே ஆக வேண்டும்: அதன் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், ஃபென்டனில் அதற்குப் பிறகும் மூச்சை அமுக்கலாம்.

இப்போது தினசரி ஃபிலிமுக்குப் பதில் மாதம் ஒரு ஊசிக்கு மாறலாம் என்கிறார் டாக்டர். காப்பீட்டின் முன் அனுமதிக்காகக் காகிதம் போயிருக்கிறது.