ஆறாயிரம் ரூபாய்க்கு மூன்று நாள் அலைச்சல்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்து வாடகை வீடு எங்களுடையது. தண்ணீர் இடுப்பளவு வந்தது. தையல்தான் பிழைப்பு. மெஷின் மோட்டார் போனது, தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சேறு. அதை விடுங்கள், அரசு அறிவித்த 6000 ரூபாய் நிவாரணத்துக்கு அலைந்த கதையைச் சொல்கிறேன்.

டிசம்பர் 17 முதல் ரேஷன் கடையில் டோக்கனுக்கு ரொக்கமாகவே கொடுத்தார்கள். மாடியில் இருக்கும் ஹவுஸ் ஓனர் உடனே வாங்கிவிட்டார். அவர் படிக்கட்டில் தண்ணீர் நாலு படி ஏறியதோடு சரி! எங்கள் கார்டு விழுப்புரம் முகவரியில் இருப்பதால் டோக்கன் கிடையாது, மனு கொடுக்க வேண்டுமாம். போன அன்று மனு ஃபாரம் தீர்ந்துவிட்டது. ஒரு நாள் வேலை போச்சு.

மறுநாள் ஃபாரம் கிடைத்தது. பாஸ்புக்கை நீட்டினேன். நனைந்து ஒட்டிப்போன பக்கங்களை, மேலே துணி போட்டு நானே இஸ்திரி போட்டுப் பிரித்திருந்தேன். பெயர் தெரிந்தது, கணக்கு எண்ணில் கடைசி நாலு இலக்கம் அழிந்திருந்தது. "இது செல்லாதும்மா, பேங்க்ல புதுசு வாங்கிட்டு வா." அங்கே வரிசை தெருவரைக்கும். அன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கவில்லை. பொங்கல் ஜாக்கெட் குவியும் நேரம் அது.

மூன்றாம் நாள், இந்த முகவரியில் இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். ஹவுஸ் ஓனர், "நமக்குள்ள எதுக்கும்மா அக்ரிமென்ட்" என்று எப்போதோ சொன்னவர்; இப்போது எழுதித் தரச் சொன்னால், வரி வந்துவிடும் என்று பயப்படுகிறார். கடைசியில் காப்பாற்றியது கேஸ் ரசீது. சமையலறையில் உயரத்தில் ஆணி அடித்து, கம்பியில் குத்தி வைத்திருந்ததால் நனையவில்லை. அதில் என் பெயரும் இந்த வீட்டு முகவரியும் பளிச்சென்று இருந்தன. அதைப் பார்த்ததும் மனு வாங்குகிறவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேஸ் ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று, மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பாதீர்கள். நான் நகல் ஒன்றை நீட்டி, தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டேன். முறைத்தார், ஆனால் போட்டார்.

பொங்கல் வரைக்கும் கணக்கில் பணம் ஏறவில்லை. மோட்டாரைக் காயில் கட்ட, பக்கத்துத் தெருவில் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு மூவாயிரம் வாங்கினேன். அங்கே மட்டும் எந்த ஆதாரமும் கேட்கவில்லை.