ப்துய் நகரில் குரெந்துகளின் நாட்கள்

பிப்ரவரி 10, 2024, சனி

லுப்லியானாவிலிருந்து ரயிலில் கிளம்பிப் பிற்பகலில் ப்துய் வந்து சேர்ந்தேன். திராவா ஆற்றங்கரையில், கோட்டைக்குன்றின் அடிவாரத்தில் அமைந்த இவ்வூரையே ஸ்லோவேனியாவின் மிகப் பழைய நகரம் என்கிறார்கள். மெழுகுவர்த்தித் திருநாளான பிப்ரவரி 2 முதல் திருநீற்றுப் புதன் வரை, குளிர்காலத்தை விரட்டி வசந்தத்தை அழைத்துவரும் குரெந்துகள் என்னும் வேடதாரிகளின் காலம் இது.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று பெரிய ஊர்வலம். 1960 இல் நகரத்து விழாவாக இதைத் தொடங்கியவர் திராகோ ஹாஸ்ல். கண்ணுக்கு முன்பே காதுக்கு எட்டிவிட்டார்கள் குரெந்துகள்; இடுப்பில் கட்டிய கனத்த மாட்டுமணிகள் ஒவ்வொரு குதிப்புக்கும் அதிர, அந்த ஓசை தெருக்கற்கள் வழியே உள்ளங்காலில் ஏறியது. தலைமுதல் முழங்கால்வரை ஆட்டுத்தோல், தும்பிக்கைபோல் நீண்ட மூக்கு, மார்புவரை தொங்கும் சிவந்த நாக்கு. இறகு சூடியவர்களும் கொம்பு வைத்தவர்களும் தனித்தனி வட்டாரத்து மரபினர்.

என் முன்னால் சற்று நின்ற ஒருவரின் முகமூடியில் பற்களாகக் கோத்திருந்தவை வெள்ளை மொச்சைகள். கையிலிருந்த கழியின் நுனியில் முள்ளெலித் தோல் சுற்றியிருந்தது. இடுப்பு வாரில் பெண்கள் பரிசாகத் தந்த கைக்குட்டைகள் வரிசையாக முடிந்திருந்தன. முற்காலத்தில் மணமாகாத ஆண்கள் மட்டுமே இவ்வேடம் பூண்டார்கள் என்பதால் அந்த முடிச்சுகளுக்கு அப்போது வேறொரு கனம் இருந்திருக்க வேண்டும். இப்போது பெண்களும் சிறுவர்களும்கூட அணிகிறார்கள். எனக்கு அது நிறைவாகவே பட்டது.

பிப்ரவரி 12, திங்கள்

நேற்றைய ஊர்வலத்தைவிட இன்றைய காலை எனக்கு மேலானது. யுனெஸ்கோ 2017 இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்ததும் ஊர்வலத்தை அல்ல, குரெந்துகள் வீடுவீடாகச் செல்லும் வழக்கத்தைத்தான். மார்கோவ்ச்சி அருகே நான் தங்கியிருந்த பண்ணைவீட்டு அம்மா விடியலிலேயே முற்றத்தைக் கூட்டிவிட்டு, ஒரு மண்சட்டியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். சாத்தான் வேடமிட்ட ஒருவன் முன்னே ஓடிவர, ஆறு குரெந்துகள் பின்னால் வந்து வீட்டாரைச் சுற்றி வட்டமிட்டுக் குதித்தார்கள். அம்மா சட்டியை அவர்கள் காலடியில் ஓங்கிப் போட்டு உடைத்தார். தீயவை விலகி நல்விளைச்சல் வரட்டும் என்ற வேண்டுதல் அது. அவர் முகத்தைப் பார்த்தபோது சடங்குக்காக மட்டும் செய்தவராக எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

விழாவின் இறுதிநாளான இன்று, 'புஸ்த்' என்று அழைக்கப்படும் திருவிழா உருவத்தைப் போலி அழுகையோடு அடக்கம் செய்தார்கள். நாளை தவக்காலம் பிறக்கிறது.

மாலையில் பண்ணைவீட்டுக்குத் திரும்பியபோது, அம்மாவின் மகன் ஆட்டுத்தோலைக் கொட்டகை உத்தரத்தில் உலரப் போட்டுவிட்டு, வாரிலிருந்த கைக்குட்டைகளை அவிழ்த்துத் தம் தாயிடம் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொன்றையும் மடித்து அடுக்கினார்.