கடைசி வரை உயிரோடு இருப்பவள்

நியூ ஜெர்சியில் ஒரு பொது நூலகத்தில் பதின்பருவத்தினர் பிரிவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கான அலமாரிகள். எதை வாங்குவது, எதைக் கழிப்பது, எந்த அட்டை கண்ணில் படும்படி நிறுத்துவது என்பதெல்லாம் என் பொறுப்பு. முதுகு உடைந்து, டேப் ஒட்டி, மறுபடி வெளியே போய்க்கொண்டே இருக்கும் நாவல்களில் ஒரு வகை எப்போதும் உண்டு. ஒரு சிற்றூர், ஓர் உயர்நிலைப் பள்ளி, முகமூடி போட்ட ஒருவன், ஒருவர் பின் ஒருவராகச் சாகும் மாணவர்கள். ஸ்லாஷர் என்பார்கள்.

இது பேய்க்கதை இல்லை. இங்கே கொல்பவனுக்கு உயிர் உண்டு, பெரும்பாலும் அதே ஊர்க்காரன். முகமூடி கழன்றால் தெரிந்த முகம். ரத்தத்துக்காகத்தான் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள் என்று பெரியவர்கள் பலரும் நம்புகிறார்கள். ரத்தம் மட்டும் வேண்டுமென்றால் அவர்கள் கையிலிருக்கும் போனில் அது கொட்டிக் கிடக்கிறது. முந்நூறு பக்கம் புரட்ட வேண்டிய அவசியமே இல்லை.

நான் அதிகம் எடுத்துக் கொடுத்த ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டெஃபனி பெர்கின்ஸ் 2017இல் எழுதிய 'தேர்ஸ் சம்ஒன் இன்சைடு யுவர் ஹவுஸ்'. அதுவரை காதல் நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவர் அவர். கதை நடப்பது நெப்ராஸ்காவில், சோளக்காடு சூழ்ந்த ஆஸ்போர்ன் என்ற ஊரில். தொடக்கத்தில் ஒரு பெண் வீடு திரும்புகிறாள். சமையலறையில் இருக்க வேண்டிய, முட்டை வடிவ டைமர் வாசல் மிதியடியில் கிடக்கிறது. அப்பா வைத்திருப்பார் என்று எடுத்து உள்ளே வைக்கிறாள். அது மறுபடி இடம் மாறுகிறது. கத்தி வருவதற்கு முன்பே வாசகருக்கு வியர்த்துவிடும். அதைப் படித்த இரவு எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து வைத்த இடத்தில்தான் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தேன்.

சினிமாவில் கேமரா பல நேரம் கொலைகாரனோடு சேர்ந்து நடக்கும். சாகப்போகிறவளை நாம் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். இந்த நாவலோ சாகப்போகிற பிள்ளையின் மனசுக்குள் நம்மை உட்கார வைக்கிறது. பள்ளி நாடகத்தில் யாருக்கு என்ன வேஷம், தோழியோடு என்ன சண்டை, அடுத்த வருஷம் எந்தக் கல்லூரி என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கதை அவளைப் பறித்துக்கொள்கிறது. அதனால் செத்தவள் எண்ணிக்கையில் ஒன்றாகப் போவதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பிள்ளைகள் முதலில் பேசுவது செத்தவர்களைப் பற்றித்தான். "அவ பாவம் மிஸ், அவ யாருக்கு என்ன பண்ணா?" கொலைகாரன் யார் என்பது அப்புறம்தான் வரும். சொல்லப்போனால் இந்த நாவல் அந்த ரகசியத்தைக் கடைசி வரை பொத்திவைப்பதும் இல்லை.

பயத்துக்கு இன்னொரு காரணம் அமெரிக்கப் பள்ளிகளில் இருக்கிறது. 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 'லாக்டவுன் டிரில்' நாடெங்கும் பரவியது. கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, மூலையில் சத்தமில்லாமல் உட்காரும் பயிற்சி. இங்கே வளரும் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலிருந்தே இதைச் செய்துவருகிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதன் வரலாம் என்று பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்த தலைமுறை இது. பயிற்சி முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கணக்குப் பாடத்தைத் தொடர்வார்கள். அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஸ்லாஷர் நாவலில் அதற்குத் தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு. யாராவது ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு உயிரோடு வெளியே வருகிறாள். இதைத்தான் அவர்கள் தேடி வருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெரியவர்கள் தங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்ற பிள்ளைகளின் ஆற்றாமையும் இந்த நாவல்களில் ஓடும். ஆடம் செசேரின் 'க்ளவுன் இன் எ கார்ன்ஃபீல்ட்' 2020இல் வந்தது. பதின்பருவ நாவலுக்கான பிராம் ஸ்டோக்கர் விருது பெற்றது. மிசௌரியில் சோளப்பாகு ஆலை மூடிப்போன ஒரு கற்பனை ஊர், வேலை போன பெரியவர்கள், 'எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளால் வந்த கேடு' என்ற எரிச்சல். அந்த எரிச்சல் எங்கே போய் முடிகிறது என்று சொன்னால் கதை கெட்டுவிடும்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்று பலரும் சொல்லும் லோயிஸ் டங்கனின் 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்' வெளியானது 1973இல். அதில் கொக்கி ஏந்திய கொலைகாரன் கிடையாது. ஒரு சிறுவனைக் காரில் மோதிவிட்டு மறைத்த நால்வரின் குற்றவுணர்ச்சிதான் கதை. 1997இல் வந்த படம் அதை ரத்தக்களரி ஆக்கியது. டங்கனின் மகள் 1989இல் ஆல்புகர்க்கியில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தாள். அந்தத் தாய் படத்தை வெறுத்ததில் என்ன வியப்பு? சாவை விளையாட்டாக்கும் ஸ்லாஷர், சாவுக்காக வருந்தும் ஸ்லாஷர் என்று இரண்டு இருக்கின்றன. என் அலமாரிக்கு நான் தேடுவது இரண்டாவதை.

தமிழ் அம்மாக்களும் வருவார்கள். ஒருவர் மகளின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் காட்டி, "அக்கா, நீங்களே இதெல்லாம் எடுத்துக் குடுக்கலாமா? ராத்திரி தூங்குவாளா இவ?" என்று கேட்டார். "பயமா இருந்தா மூடி வெச்சிடுவாம்மா. அடுத்த பக்கத்தைத் திருப்பறதா வேண்டாமாங்கறது அவ கையிலதான இருக்கு" என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து முடிவு செய்ய எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. "முதல்ல நீங்க படிச்சுப் பாருங்களேன்" என்று இன்னொரு பிரதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அம்மாவின் மகளைப் போன்ற பிள்ளைகள் என் மேஜைக்கு வந்து ஒரு கேள்வி கேட்பார்கள். "நம்மள மாதிரி இருக்கறவங்க இதுல செத்துடுவாங்களா?" பழைய ஸ்லாஷர் படங்களில் கறுப்பர்களும் மாநிறத்தவர்களும் கதை பாதியைத் தாண்டுவதே அபூர்வம். கடைசியில் எஞ்சும் பெண்ணைப் பற்றி ஆய்வாளர் கேரல் க்ளோவர் 1987இல் எழுதிய கட்டுரை பேர்பெற்றது. அவர் பேசிய படங்களில் அந்தப் பெண் வெள்ளைக்காரியாகவே இருந்தாள். பெர்கின்ஸின் நாயகி மக்கானி, கறுப்பின, ஹவாய்ப் பூர்வகுடிக் கலப்பில் பிறந்தவள். நெப்ராஸ்காவில் பாட்டியோடு வாழ்கிறாள். கதையின் மையத்தில் அவளைப் பார்த்ததும் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். இந்தியப் பெயருள்ள ஒருத்தி கடைசிப் பக்கம் வரை ஓடிக் களைத்து உயிரோடு நிற்கும் ஸ்லாஷர் வேண்டும் என்று கேட்டால், கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை. பதிப்பகங்களின் புதிய பட்டியல் வரும்போதெல்லாம் நான் முதலில் அதைத்தான் தேடுகிறேன்.