ஓடர் எங்கே நிற்கிறது? தூள் வியாபாரத்துக்குத் தானியங்கி வேலையோட்டம் கட்டிய அனுபவம்

அக்காவின் தூள் வியாபாரம் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டுக் குசினியில் தொடங்கியது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்து, மில்லில் திரித்து, அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். பிறகு ஒடியல் மா, புழுக்கொடியல், பனங்கட்டி, பயத்தம் பணியாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கொழும்பிலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருந்து ஆட்கள் கேட்டார்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பிள்ளைகள், ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்கு அனுப்பச் சொல்லிக் காசு போட்டார்கள். இவ்வளவையும் தாங்கிக்கொண்டிருந்தவை அக்காவின் போனும் ஒரு சீ.ஆர். கொப்பியும்தான்.

வியாபாரம் பெருத்தபோது பாரம் கூடியது தூள் வறுக்கிற இடத்தில் இல்லை. ஓடர் வந்தால் கொப்பியில் எழுத வேண்டும், தொகை கூட்டிச் சொல்ல வேண்டும், வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்ப வேண்டும், சிலிப் வந்ததும் காசு விழுந்ததா என்று பார்க்க வேண்டும், பொதி கட்டும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், விலாசம் எழுத வேண்டும், கூரியரில் கொடுத்து அவர்கள் தரும் இலக்கத்தை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றும் சின்ன வேலை. ஆனால் நடுவில் ஒரு போன் வந்தால் அடுத்தது மறந்துபோகும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் நடக்கும் காலத்தில் வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் திரும்பும்போது தூள் கட்டிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் வீட்டில் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அந்த ஓடர் என்ன மாதிரி?"

நான் மென்பொருள் வேலை செய்பவன். அக்கா என்னிடம் கேட்டது, "தம்பி, வட்ஸ்அப்பில தானாப் பதில் போற மாதிரி ஒண்டு செய்து தா" என்பதுதான். ஆனால் தானாகப் பதில் போவதால் அந்தக் கேள்வி தீராது என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு ஓடரும் இந்த நிமிஷம் எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த அடி யாருடைய கையில் இருக்கிறது என்று எவரும் பார்த்தவுடன் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இதை முதலில் தீர்க்காமல் செயலிகளை ஒன்றோடொன்று கொழுவினால் குழப்பம்தான் வேகமாக நடக்கும். ஒரு படி முடிந்ததும் அடுத்த படி தானாக எழும்பும் வேலையோட்டம் கட்ட நினைக்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதனால் கணினியைத் திறக்க முன்னர் அக்காவோடும், கணக்குப் பார்க்கும் மச்சாளோடும், பொதி கட்டும் பிள்ளைகளோடும் இருந்து கதைத்தேன். பழைய கொப்பிகளை எடுத்து வைத்து, நடந்த ஓடர்கள் உண்மையில் எப்படி நகர்ந்தன என்று பார்த்தோம். கடைசியில் நிலைகள் இப்படி வந்தன: வரைவு, உறுதி, காசு வந்தது, பொதி கட்டியது, அனுப்பியது, கிடைத்தது. இவற்றுக்குப் பக்கத்தில் 'மறித்து வைத்தது' என்று ஒன்று. விலாசம் சரியில்லை, சரக்கு முடிந்துவிட்டது, வாங்குபவர் ஊரில் இல்லை என்பவை எல்லாம் அங்கே போகும். ஓடர் ஒரு நேரத்தில் ஒரு நிலையில் மட்டும்தான் இருக்கும். நிலை மாறினால்தான் அடுத்த வேலை எழும்பும்.

அந்தப் பேச்சில்தான் எனக்குத் தெரியாத ஒன்றும் வெளியே வந்தது. நான் ஓடருக்கு ஒரு பெயர், ஒரு தொலைபேசி இலக்கம் என்று நினைத்திருந்தேன். அக்கா கேட்டார்: "ஓடர் தாற ஆளும் காசு போடுற ஆளும் சாமான் எடுக்கிற ஆளும் ஒரே ஆளெண்டு ஆர் சொன்னது?" ரொறன்ரோவில் இருக்கும் மகள் ஓடர் தருவா, கொழும்பில் இருக்கும் தம்பி காசு போடுவார், கோண்டாவிலில் இருக்கும் அம்மா பொதியை எடுப்பா. இங்கே இது அன்றாட விஷயம். கடைகளுக்கென்று ஆயத்தமாகக் கிடைக்கும் பல மென்பொருள்களில் இந்த மூவருக்கும் தனித்தனி இடம் இல்லை. நாங்கள் அடிப்படையிலேயே மூன்று பேரையும் பிரித்து வைத்தோம். காசு கிடைத்த செய்தி போட்டவருக்கும், கூரியர் இலக்கம் பொதியை எடுப்பவருக்கும், பொதி கிடைத்த செய்தி ஓடர் தந்தவருக்கும் போகும். ரொறன்ரோ நேரம் எங்களுக்குக் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் பிந்தியது. எங்கள் மத்தியானச் செய்தி அங்கே நடுச்சாமத்தில் போய் ஆளை எழுப்பக் கூடாது என்பதற்காக அனுப்பும் நேரத்தை ஆளின் நாட்டைப் பார்த்துத் தீர்மானிக்கும் படி ஒன்றையும் சேர்த்தோம்.

அடுத்தது கருவி. செயலிகளை ஒன்றோடொன்று கொழுவி வேலையைத் தானாக ஓடவைக்கும் ஸேப்பியர் (Zapier), மேக் (Make), என்8என் (n8n) மூன்றையும் பார்த்தேன். ஸேப்பியர் கொழுவ மிகச் சுலபம், ஆனால் அது நடக்கும் ஒவ்வொரு செயலையும் தனித்தனியாக எண்ணிக் காசு எடுக்கும். எங்கள் ஓடர் ஒன்று முடிய எட்டு, பத்து செயல்கள் வரும்; வியாபாரம் வளர வளர டொலர் கணக்கு ஏறும். 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாவில் இருந்து 350 ரூபாவுக்கு மேலே போனதைப் பார்த்த பிறகு, மாதாமாதம் டொலரில் கூடிக்கொண்டே போகும் செலவை அக்காவின் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2019 இல் ஜேர்மனியில் தொடங்கிய என்8என் மென்பொருளைச் சொந்த சேர்வரில், அதாவது எந்நேரமும் ஓடும் கணினியில், போட்டுச் சொந்த வியாபாரத்துக்கு இலவசமாகப் பாவிக்கலாம். அதையே எடுத்தோம். வீட்டுக் கணினியில் வைப்பது பற்றியும் யோசித்தோம். 2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் சிங்கப்பூரில் ஒரு சின்ன சேர்வரை வாடகைக்கு எடுத்தோம். ஓடர்கள் போஸ்ட்கிரஸ் (Postgres) என்ற தரவுத்தளத்தில். அதை எக்செல் மாதிரித் திறந்து பார்க்க நோகோடிபி (NocoDB) என்ற மென்பொருள். அக்காவுக்கு அது கொப்பியைப் போலவே இருந்தது, உடனே பிடித்துக்கொண்டார்.

சொந்த சேர்வரில் என்8என் போடுபவர்கள் இரண்டு விஷயத்தைத் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். நேரவலயத்தை நாங்கள் சொல்லாவிட்டால் அது நியூயோர்க் நேரத்தில் ஓடும்; கொழும்பு என்று அமைப்பில் எழுதிவிட வேண்டும். மற்றது, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் மறையாக்கச் சாவி. தரவுத்தளத்தை மட்டும் பிரதி எடுத்துவிட்டுச் சாவியை விட்டுவிட்டால், சேர்வர் போன நாளில் பிரதி இருந்தும் அந்தக் கடவுச்சொற்களைத் திறக்க முடியாது. சாவியைத் தனியாக வேறு இடத்தில் வைத்திருக்கிறோம்.

வட்ஸ்அப்புக்குப் புது இலக்கம் எடுத்தோம். பழைய இலக்கம் அக்காவிடமே இருக்கிறது. ஆட்கள் அவரோடு கதைக்க விரும்பியே எடுக்கிறார்கள், "தூள் இந்த முறை கொஞ்சம் உறைப்பு" என்று சொல்கிறார்கள். அந்தப் பேச்சை எந்த இயந்திரத்திடமும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மென்பொருள் தானாகச் செய்தி அனுப்ப வட்ஸ்அப் தரும் வழியான வணிக ஏபிஐயில் (API) ஒரு விதி உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணித்தியாலம் வரைதான் நாங்கள் விரும்பியபடி பதில் எழுதலாம். அதற்குப் பிறகு முன்கூட்டியே எழுதி வட்ஸ்அப்பிடம் அனுமதி பெற்ற டெம்ப்ளேட் செய்திதான் அனுப்பலாம். பொதி போய்ச் சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதால் எங்களுடைய முக்கியமான செய்திகள் எல்லாம் இந்த எல்லைக்கு வெளியேதான் விழும். எனவே செய்திகளை முதலே தமிழில் எழுதி அனுமதி எடுத்தோம். ஒவ்வொன்றின் கடைசியிலும் அக்காவை நேரே அழைக்கும் இலக்கம் இருக்கிறது.

ஓடர்கள் வருகிற விதம் பல. "thool" என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுபவர்கள் என்றில்லை, "போன முறை மாதிரியே அனுப்புங்கோ அக்கா" என்று மட்டும் எழுதுபவர்கள், குரல் செய்தி விடுபவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இதற்கு ஒரு செயற்கை நுண்ணறிவுப் படியை வைத்தோம். அது எழுத்துச் செய்தியைப் படித்துப் பொருள், அளவு, விலாசம் என்று பிரித்து 'வரைவு' நிலையில் ஒரு ஓடரை எழுதும். அவ்வளவுதான் அதன் வேலை. விலையை அது தொடாது. விலைப் பட்டியலில் இருந்து சாதாரணக் கணக்காக வரும். மச்சாள் வரைவைப் பார்த்து 'உறுதி' என்று மாற்றினால்தான் வாடிக்கையாளருக்குத் தொகை போகும். குரல் செய்திகளை இன்றைக்கும் அக்கா கேட்டுத்தான் எழுதுகிறார். வயதானவர்கள் சொல்லும் விலாசம், "கோயிலடிக்குப் பின்னாலை, பெரிய வேம்பு நிக்கிற வளவு" என்று வரும். அதை அவரால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

சிலிப்பிலும் இதே மாதிரித்தான் தீர்மானித்தோம். வைப்புச் சிலிப்பின் படத்தை அனுப்பினால் காசு வந்ததாக எடுக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. படத்தில் இருக்கும் தொகையை வாசிக்க இயந்திரத்தால் முடியும். ஆனால் படம் சிலிப்பின் படம்தான். காசு கணக்கில் விழுந்ததற்கு அது சாட்சி இல்லை. எனவே வேலையோட்டம் படத்தை உரிய ஓடரோடு சேர்த்து மச்சாளின் வரிசையில் வைப்பதோடு நின்றுவிடும். அவர் வங்கிச் செயலியில் பார்த்து, 'காசு வந்தது' என்று தன் கையால் மாற்றுவார். மற்ற எந்தப் படியைத் தானியங்கியாக்கினாலும் இதை ஆக்குவதில்லை என்று மூவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். பொதி போன பிறகு சிலிப் படங்களைக் கணக்கு முடியும்வரை மட்டும் வைத்திருந்து அழிக்கும் படியும் இருக்கிறது. ஆட்களின் விலாசமும் வங்கி விபரமும் எங்களிடம் இருக்கும்போது அதற்கு நாங்கள் பொறுப்பு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது.

இனி, நான் ஆகக் கூட நேரம் செலவழித்த இடம். இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும்? வட்ஸ்அப் போன்ற வெளிச் சேவைகள் ஒரே தகவலை இரண்டு தரம் அனுப்பக் கூடும். நாங்கள் பெற்றுக்கொண்டோம் என்ற பதில் அவர்களுக்குப் போய்ச் சேராவிட்டால் திரும்ப அனுப்புவார்கள். அதை அப்படியே எடுத்தால் ஒரே ஓடர் இரண்டு தரம் பொதியாகும். இதற்காக வரும் ஒவ்வொரு செய்தியின் அடையாள இலக்கத்தையும் தரவுத்தளத்தில் ஒருமுறைதான் எழுதலாம் என்று பூட்டினோம். இரண்டாவது தரம் வந்தால் பேசாமல் விட்டுவிடும். வெளியே போகும் செய்திக்கும் அப்படித்தான். இந்த ஓடருக்கு இந்த நிலைக்கான செய்தி போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பும். எனவே எந்தப் படியையும் பயமில்லாமல் திரும்ப ஓட்டலாம். பிழை வந்தால் என்8என்னில் அதற்கென்றே ஒரு தனி வேலையோட்டம் எழும்பி, ஓடர் இலக்கத்தோடு என் டெலிகிராமுக்குச் சொல்லும்.

ஆனால் பிழை என்று கத்தாமல் சும்மா நின்றுவிடும் ஓடர்தான் ஆபத்தானது. கூரியர்காரர் இலக்கம் தர மறந்தால் எங்கேயும் சிவப்பு எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு நிலைக்கும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று ஓர் எல்லை போட்டோம். உறுதியான ஓடருக்கு இரண்டு நாளாகக் காசு வராவிட்டால் ஒரு நினைவூட்டல் போகும், பிறகு ஒதுக்கிய சரக்கு விடுபடும். பொதி கட்டி ஒரு நாள் அனுப்பாமல் இருந்தால் பொறுப்பானவரின் பெயரோடு வரும். பின்னேரம் ஐந்து மணிக்கு வேலையோட்டம் ஒன்று எழும்பி, எல்லை தாண்டி நிற்கும் ஓடர்களை மட்டும் அக்காவுக்கு ஒரே செய்தியாக அனுப்பும். கட்டின எல்லாவற்றிலும் மிகவும் சின்னது இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். காலையில் கொப்பி புரட்டும் வேலை இதனால் நின்றது.

பழைய வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றுவது பொறுமை கேட்கும் வேலை. பாதி விலாசங்கள் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பில் இருந்தன. எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றி ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்தோம். தொலைபேசி இலக்கங்களின் முன் பூச்சியத்தை எக்செல் விழுங்கும் என்பதால் எல்லாவற்றையும் எழுத்தாகவே வைத்து, உள்ளூர் இலக்கங்களை 94 இல் தொடங்கும்படி மாற்றினோம்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்குக் கிட்டவாக எதையும் மாற்றுவதில்லை என்பது அக்காவின் கட்டளை, அது சரியான கட்டளை. ஓடர் குறைந்த மாதங்களில் கொப்பியையும் புது முறையையும் ஒன்றாக ஓட்டினோம். பின்னேரங்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தோம். முதலில் கூரியர் இலக்கம் அனுப்பும் படியை மட்டும் தானாக ஓடவிட்டோம், அது நிலைத்த பிறகு மற்றது, பிறகு மற்றது. பொதி கட்டும் பிள்ளைகளுக்குப் புதுத் திரை எதுவும் கொடுக்கவில்லை. 'காசு வந்தது' ஆனதும் லேபல் பிரிண்டரில் விலாசமும் பொருள் பட்டியலும் ஒரு கியூஆர் குறியும் அச்சாகும். கட்டி முடித்ததும் அந்தக் குறியைப் போன் கமராவுக்குக் காட்டினால் நிலை மாறிவிடும். அவர்கள் முன்பு செய்த மாதிரியே துண்டைப் பார்த்துப் பொதி கட்டுகிறார்கள்.

இப்போது வெளிநாட்டுக்கு நேரே போகும் பொதிகளுக்கான கிளையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அதில் எடை, சுங்கப் பிரகடனம், எந்த நாட்டுக்கு எந்தப் பொருள் போகலாம் என்பதெல்லாம் புதிதாக வருகிறது. 'பொதி கட்டியது' என்பதற்கும் 'அனுப்பியது' என்பதற்கும் நடுவில் 'பத்திரம் சரி' என்று ஒரு நிலை வேண்டும் என்று மச்சாள் சொல்கிறார். அந்த நிலையை யார் மாற்றுவது என்பதில் இன்னும் கதை முடியவில்லை.