கழுகுமலையில் எங்கே கண்ணை வைப்பது?

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியில் கழுகுமலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மேலே ஏறுகிறவர்களும் வெட்டுவான் கோவில் முன்னால் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதே அதற்கப்புறம்தான் இருக்கிறது.

வெட்டுவான் கோவில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. சரிவில் மூன்று பக்கமும் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை வெட்டி எடுத்து, நடுவில் நின்ற துண்டைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். விமானத்தை உச்சியிலிருந்து கீழாகப் பாருங்கள். எண்பட்டைச் சிகரம், மூலை நந்திகள், தென்பக்கம் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி, பூதகணங்கள் எல்லாம் நகாசு வேலையோடு முடிந்திருக்கின்றன. கீழே வர வர உளிக்கொத்து முரடாகிறது. அதிட்டானம், அதாவது அடித்தளம், வெறும் பாறையாகவே நின்றுவிட்டது. கல் அடுக்கிக் கட்டுகிற கோயிலில் கடைசியாக வரும் சிகரம், இங்கே முதலில் முடிகிறது. மேலிருந்து இறங்கினால் சாரம் தேவையில்லை, உடைத்த சில்லும் முடிந்த சிற்பத்தின் மேல் விழாது. ஆனால் ஒரு மூக்கு உடைந்தாலும் வேறு கல் வைக்க வழியில்லை.

சமணச் சிற்பங்கள் தனிப் பாறைமுகத்தில் வரிசை வரிசையாக இருக்கின்றன. முக்குடையின் (மூன்றடுக்குக் குடை) கீழ் அமர்ந்திருக்கும் எல்லாரையும் மகாவீரர் என்று சொல்லிவிடுவது வழக்கம், நம்பாதீர்கள். பெரும்பாலானவற்றில் யாரென்று காட்டும் சின்னமான லாஞ்சனமே கிடையாது, அதனால் தீர்த்தங்கரர் (சமணர் வழிபடும் இருபத்துநான்கு பேரில் ஒருவர்) என்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. சிலரை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தலைக்கு மேல் ஐந்தலை நாகம், பக்கத்தில் பாறாங்கல்லைத் தூக்கி எறிய வரும் பகைவன் கமடன் என்றால் பார்சுவநாதர். காலில் கொடி சுற்றி, இருபுறமும் பெண்கள் நின்றால் பாகுபலி. அவர் தீர்த்தங்கரர் அல்லர், அந்தப் பெண்கள் அவருடைய சகோதரிகள். சிங்கமும் பிள்ளைகளும் இருந்தால் அம்பிகா என்ற இயக்கி, அதாவது சமணக் காவல் பெண்தெய்வம்.

எனக்குப் பிடித்தவை சிற்பங்களுக்கு அடியில் உள்ள வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) வரிகள். ஊர், ஆள், பிறகு 'செய்வித்த திருமேனி' (செய்யச் சொன்ன சிலை) என்று முடியும். 'சார்த்தி' என்று வந்தால் இன்னொருவர் பெயரால் செய்து வைத்தது என்று பொருள். குரவர்கள் என்ற சமண ஆசிரியர்களோடு குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரும், தச்சரும் குயவரும் இந்த வரிகளில் வருகிறார்கள். அரசன் ஒருவன் கொடுத்த கொடையில் எழுந்த இடமல்ல இது. ஆளுக்கொரு திருமேனியாகச் சேர்ந்தது.

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டியால் தேய்க்க வேண்டாம். தூள் வெட்டில் இறங்கிவிட்டால் அடுத்தவர் அதையே எழுத்தென்று தப்பாகப் படிப்பார். எண்ணெய் அதைவிட மோசம், தூசியைப் பிடித்துக் கறுத்துவிடும். உச்சி வெயிலில் நிழல் விழாது, எழுத்து தட்டையாகிவிடும். சாய்வெயில் நேரத்தில் போங்கள். அப்போதும் தெரியாவிட்டால் டார்ச்சை நேராக அடிக்காமல் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வட்டெழுத்தில் பகரமும் வகரமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், புள்ளியும் இருக்காது. ஒரு சொல்லை இரண்டு விதமாகவும் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.