இருட்டைத் திருத்தப் போனேன்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் அச்சகங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம் ஷோமோலு. அங்கே ஓர் அச்சகத்தில் நான்கு வருடம் வண்ணத் திருத்தம் பார்த்தேன். ஒருமுறை நாள்காட்டி வேலைக்காக உள்ளூர் ஓவியர் ஒருவரின் பன்னிரண்டு படங்கள் வந்தன. மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு போட்ட டான்ஃபோ வேன், அதன் கதவில் தொங்கும் கண்டக்டர், முதுகில் குழந்தையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தக்காளி விற்கும் பெண். பதினொன்று சிக்கலில்லாமல் முடிந்தன.

பன்னிரண்டாவது படம் இரவுச் சந்தை. முக்கால்வாசி இருட்டு. ஒரு பெண் கரி அடுப்பில் வாழைப்பழம் சுடுகிறாள். கங்கின் சிவப்பு அவள் மோவாயிலும் விசிறி பிடித்த விரல்களிலும் மட்டும் படிந்திருக்கிறது. ஸ்கேன்தான் சரியில்லை என்று நினைத்து நிழல்களையெல்லாம் வெளுக்கவைத்தேன். பின்னால் நின்றவர்களின் முகங்கள், தகரக்கூரை, சாக்கடை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

மெஷின் ஓட்டும் பெரியவர் ப்ரூஃபை, அதாவது சோதனை அச்சைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "ஓகா (ஐயா), அந்தத் தெருவில் கரண்ட் இல்லை. அவள்தான் வெளிச்சம் கொண்டுவந்திருக்கிறாள். இதில் அது போய்விட்டது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நேபா என்ற மின்வாரியத்தின் பெயர் 2005இல் மாறி, 2013இல் விநியோகம் தனியார் கைக்குப் போயும், கரண்ட் வந்ததும் தெருவே "அப் நேபா!" என்று கத்துவதை நான் தினமும் கேட்டவன். வீட்டு வாசல்களில் உறுமும் குட்டி ஜெனரேட்டருக்கு 'ஐ பெட்டர் பாஸ் மை நெய்பர்' என்று பெயர், அதாவது பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் பரவாயில்லை. பற்றாக்குறைக்கே சிரிப்போடு பெயர் வைக்கிற மனிதர்கள் நடுவில் இருந்துகொண்டு, அவர்கள் இருட்டைப் படத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டேனே!

அதற்கப்புறம்தான் நைஜீரிய ஓவியர் யூசுஃப் கிரில்லோவின் ஓவியங்களையும் பொறுமையாகப் பார்த்தேன். அவற்றில் மனிதர்கள் நீலத்தில் தோய்ந்து நிற்பார்கள். முன்பு தூக்கலாகத் தோன்றிய அந்த நீலம் இப்போது யொரூபாப் பெண்களின் அடிரே துணியில் ஏறும் அவுரி நீலமாகத் தெரிகிறது.

சந்தைப் படத்தை முதலிலிருந்து செய்தேன். புது ப்ரூஃப் வந்தபோது மாலை. கரண்ட் போய், பெரிய ஜெனரேட்டர் பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. பெரியவர் அதுவரை காத்திருக்கவில்லை. செல்போன் விளக்கைத் தாளின்மேல் சாய்த்துப் பிடித்தார்.

"கங்கில் மட்டும் சிவப்பு இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்றார்.