லினக்ஸில் கெர்னல் பேனிக் வந்தால் உடனே ஃபார்மட் அடிக்க ஓடாதீர்கள்

"டிஸ்க் போயிடுச்சு சார், மாத்திடலாம். டேட்டா வராது." திரையில் இருந்த கடைசி வரியைப் பார்த்துவிட்டு சர்வீஸ் கடைத் தம்பி சொன்ன தீர்ப்பு இது. லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நல்லவேளை, கொடுக்காமல் திரும்பி வந்தேன்.

அந்த வரி இதுதான்: கெர்னல் பேனிக், ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை, அன்னோன்-பிளாக்(0,0). கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி; சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியைத் திறக்க முடியாமல் அது அப்படியே நின்றுவிட்டது. படிப்பவருக்கு டிஸ்க்தான் செத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு சைபரைக் கவனியுங்கள். கெர்னலுக்கு எந்த டிஸ்க்கும் கண்ணில் படவே இல்லை என்று பொருள். அப்டேட் ஆன கையோடு இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ், அதாவது பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தேவைப்படும் டிரைவர்களின் கட்டு. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவர்கள் டிஸ்க்குக்குள்ளேயே இருந்தால், சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். அதற்காகத்தான் அவற்றைத் தனியாகக் கட்டி பூட் பார்ட்டிஷனில் (சிஸ்டம் கிளம்பத் தேவையான கோப்புகள் இருக்கும் பகுதியில்) வைக்கிறார்கள். என் மெஷினில் புது கெர்னல் வந்துவிட்டது, அந்தக் கட்டு வரவில்லை.

சரி, பழைய கெர்னலில் ஏறலாம் என்றால், எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் கிரப் மெனு தெரிந்தால்தானே! யுஇஎஃப்ஐ (புதிய வகை பூட் ஃபர்ம்வேர்) உள்ள மெஷினில் ஆன் செய்ததும் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்ட வேண்டும். பதற்றத்தில் தடதடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கட்டளை அடிக்கும் வெறும் கிரப் பிராம்ப்ட்டில் போய் நிற்கும். அங்கே 'நார்மல்' என்று அடித்து என்டர் தட்டி, உடனே எஸ்கேப்பைத் தட்டினால் மெனு வரும். அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பாஸ்வேர்ட் கேட்டது, டெஸ்க்டாப் வந்தது. டிஸ்க்குக்கு ஒன்றுமே ஆகவில்லை.

அசல் தொல்லை இதற்குப் பிறகுதான். மென்பொருளை நிறுவும், நீக்கும் கருவியான ஏப்ட்டின் டெர்ம் லாக் என்ற பதிவுக் கோப்பைத் திறந்தால், இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கும் இடத்தில் 'டிஸ்க்கில் இடமில்லை' என்று இருக்கிறது. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை போட்டால் பூட் பார்ட்டிஷன் 100%. முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் பூட் தனியாக, சின்னதாக இருக்கும். பழைய கெர்னல்கள் சேரச் சேர நிரம்பிவிடும். அப்டேட் தானாகவே ஓடியதால் இந்த எச்சரிக்கை யார் கண்ணிலும் படவில்லை.

பழையதை நீக்கு என்றால் ஏப்ட் மறுக்கிறது: பாதியில் நிற்கும் பேக்கேஜை முதலில் சரி செய் என்கிறது. சரி செய்யச் சொன்னால் இடமில்லை என்கிறது. இடம் பண்ண நீக்கு என்றால் மறுபடியும் முதல் பாட்டு. இணையத்தில் பார்த்த பதில்களில் பாதி, ரீஇன்ஸ்டால் செய் என்றே சொல்லின.

இந்தச் சுழலை உடைத்தது ஒரு முரட்டு வழி. யூநேம் -ஆர் கட்டளை போட்டு இப்போது ஓடும் கெர்னல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. அதன் கோப்புகளைத் தொட்டால் திரும்பி வருவது பெரும்பாடு. பிறகு பூட் பார்ட்டிஷனில் இருந்த கெர்னல்களில் ஆகப் பழையதன் இனிட்ஆர்டி கோப்பை (இனிட்ராம்எஃப்எஸ் கட்டு இருக்கும் கோப்பு) மட்டும் கையால் அழித்தேன். இடம் கிடைத்ததும் ஏப்ட்டின் ஃபிக்ஸ்-புரோக்கன் சமர்த்தாக ஓடி முடிந்தது. அதன் பிறகு அந்தப் பழைய கெர்னலை முறையாகப் பர்ஜ் செய்தேன் (முழுதாக நீக்கினேன்), கிரப் மெனுவைப் புதுப்பிக்க அப்டேட்-கிரப் ஓட்டினேன்.

ரீபூட்டுக்கு முன் பூட் ஃபோல்டரில் எல்எஸ் -எல் போட்டு, புது கெர்னலுக்கு இனிட்ஆர்டி இருக்கிறதா, பழையதன் அளவை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எம்பிக்குச் சுருங்கிக் கிடந்தால் ரீபூட் வேண்டாம்.

என்னுடையது சரியாகவே இருந்தது, புது கெர்னலிலேயே ஏறியது. கையோடு கிரப் அமைப்பில் டைம்அவுட் ஸ்டைலை மெனு என்று மாற்றி, ஐந்து விநாடி கொடுத்துவிட்டேன். இனி எஸ்கேப் கீயோடு மல்லுக்கட்ட வேண்டாம்.